சிவப்பு சரஃபான் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் கான்சர்ட் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். இப்போது 'சிவப்பு சரஃபான்' என்ற ரஷ்யப் பாடலைப் பயிற்சி செய்கிறார்கள். சரஃபான் ரஷ்யக் கிராமத்துப் பெண்களின் உடை என்று அறிந்தேன். பாடல் வரிகளே இல்லாமல் ஊதுகுழல்களால் ஓர் உடையை எப்படிச் சொல்ல முடியும்?

கே.

அன்புள்ள கே.,

வார்லாமோவ் 1830களில் இசையமைத்த பாட்டு அது. அம்மா சிவப்பு சரஃபான் தைக்கிறாள், கல்யாணத்துக்கான துணி. தைக்க வேண்டாம் அம்மா என்கிறாள் மகள். ஒற்றைச் சடையைப் பிரித்து இரண்டாகப் பின்னும் காலம் தனக்கு இன்னும் வரவில்லையாம். ரஷ்யக் கிராமங்களில் கன்னிப்பெண்ணுக்கு ஒரு சடை, மணமானவளுக்கு இரண்டு. நானும் ஒருகாலத்தில் உன்னைப் போலத்தான் இருந்தேன் என்கிறாள் அம்மா. போலந்து வயலின் மேதை வீனியாவ்ஸ்கி இந்த மெட்டை வயலினுக்கு எடுத்துக்கொண்டபோதும் வரிகள் இல்லை. குறையாகவே தோன்றாது, கேட்டுப் பாருங்கள்.

உடைக்கு வருகிறேன். கையில்லாத நீண்ட அங்கி அது. தோளிலிருந்து இறங்கித் தரையைத் தொடும். 1700இல் மகா பீட்டர் நகரத்தாரை ஐரோப்பிய உடைக்கு மாறச் சொன்னார். உழவர்களை விட்டுவிட்டார். சரஃபான் கிராமத்தில் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதை உடுத்திப் பெண்கள் வட்டமாக ஆடும்போது பாதம் கண்ணில் படாது. 1948இல் நதேஷ்தினா தொடங்கிய 'பெரியோஸ்கா' குழுவின் நடனத்தைப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே பொடிப்பொடியாக எத்தனையோ அடிகள். மேலே தோள்கூட அசையாது. நடக்கிறார்கள் என்று சொல்லவே மனம் வராது, நீரில் மிதந்து வருவது போலிருக்கும்.

பேண்டில் இதற்கு நேரான வித்தை ஒன்று உண்டு. வயலின்காரர் ஒலி அறாமல் வில்லைத் திருப்பிக்கொள்ளலாம். கிளாரினெட்காரர் மூச்சு வாங்கியே ஆக வேண்டும். எல்லோரும் ஒரே இடத்தில் வாங்கினால் மெட்டு துண்டு துண்டாகிவிடும். அதனால் பக்கத்து நாற்காலிக்காரர் மூச்செடுக்கும் இடத்தில் உங்கள் மகள் ஊதிக்கொண்டே இருப்பாள். அடுத்த தாளக்கட்டில் இவள் சத்தமின்றி விலகி மூச்செடுத்து, மெல்லிய ஒலியில் மீண்டும் சேர்வாள். பத்துப் பேரின் மூச்சும் மறைந்து, ஒரே நீளத் துணியாக ஒலி விழும். மறைந்த பாதத்தை இசையால் இதைவிட நெருங்கிச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் மகளின் இசைத்தாளில் பென்சிலால் சிறு காற்புள்ளிகள் இட்டிருக்கிறாளா என்று பாருங்கள். அவள் மூச்செடுக்கும் இடங்கள் அவை. கச்சேரியில் அந்த இடங்களைக் காதால் தேடிப் பாருங்கள்.

அன்புடன்.