டி அண்ட் டி 5ஆம் பதிப்பில் சண்டைக்கு எந்த கிளாஸ் உண்மையிலேயே பலமானது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் விளையாட்டு) ஆடும் ஒரு குழுவில் புதிதாகச் சேரப்போகிறேன், சண்டைக்கு எந்த கிளாஸ் (பாத்திரத்தின் வகை) எடுக்கலாம் என்பது கேள்வி. இணையத்தில் தேடினால் ரவுண்டுக்கு (எல்லாரும் ஒருமுறை ஆடி முடிக்கும் சுற்று) எவ்வளவு டேமேஜ் என்று போட்ட பட்டியல்கள்தான் கிடைக்கின்றன, ஒன்றுக்கொன்று ஒத்தும் வரவில்லை என்கிறீர்கள்.

அந்தப் பட்டியல்களில் கணக்குப் பிழை பெரும்பாலும் இருக்காது. ஆனால் சண்டையைத் தீர்மானிப்பது டேமேஜ் இல்லை. எந்தப் பக்கத்துக்கு எத்தனை டர்ன் (ஆடும் முறை) கிடைக்கிறது என்பதுதான். எதிரியின் டர்னைப் பறிக்கவும் நம் ஆட்களின் டர்னைக் காப்பாற்றவும் தெரிந்த கிளாஸ்தான் பலமான கிளாஸ். நான் பெரும்பாலும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், கதையையும் அரக்கர்களையும் நடத்துபவர்) நாற்காலியில் உட்காருபவன். என் அரக்கர்களுக்கு எப்போது கை கட்டிப்போகிறது என்பதை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் பட்டியல்காரர்களின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2014 விதிகள் (5ஆம் பதிப்பின் முதல் வடிவம், 2024இல் திருத்தப்பட்டது), 5ஆம் லெவல், முக்கிய ஸ்கோர் (கிளாஸுக்கு முதன்மையான திறனின் எண்) 18, எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி பட பகடையில் எட்ட வேண்டிய எண்) 15. பெரிய வாளோடு நிற்கும் ஃபைட்டருக்கு ரவுண்டுக்கு இரண்டு அடி, சராசரி டேமேஜ் 15. ரேப்பியர் வைத்த ரோக் ஸ்னீக் அட்டாக்கோடு (சந்து பார்த்து அடிக்கும் கூடுதல் டேமேஜ்) 13, அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) கிடைத்தால் 18. எல்ட்ரிச் பிளாஸ்ட் மந்திரம் போடும் வார்லாக் 13, ஹெக்ஸ் என்ற சாபமும் சேர்ந்தால் 18 பக்கம். எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற எண்கள். பட்டியல்கள் ஒன்றோடொன்று முரண்படுவதற்குக் காரணமும் இதுதான். ஒருவர் ஒரு ஃபீட்டைச் (கூடுதல் சிறப்புத் திறன்) சேர்ப்பார், இன்னொருவர் அட்வான்டேஜ் எப்போதும் உண்டு என்று வைத்துக்கொள்வார், வரிசை தலைகீழாகிவிடும்.

இப்போது அதே 5ஆம் லெவலில் நான்கு பேர் கொண்ட குழுவின் முன் நான்கு ஓகர்களை நிறுத்துவோம். ஓகர் என்பது பெரிய தடியோடு வரும் அரக்கன்: 59 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி), ஆர்மர் கிளாஸ் 11, ஒரு அடி பட்டால் சராசரி 13. விதிப்புத்தகத்தின்படி இது 'ஹார்ட்' வகைச் சண்டை. நான்கும் சேர்ந்து பிளேட் கவசம் போட்ட ஃபைட்டரைச் சூழ்ந்தால் ரவுண்டுக்குச் சராசரி 25 போகும், அவரிடம் இருப்பது 44. மேஜ் ஆர்மர் என்ற மந்திரக் காப்பு மட்டும் போட்ட விசார்டைச் சூழ்ந்தால் 33 போகும், அவரிடம் இருப்பது 32. ஒரே ரவுண்டில் கதை முடிந்தது.

விசார்ட் ஃபயர்பால் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 ஆறுமுகப் பகடை, சராசரி 28. ஓகர்கள் சுலபமாக விலகத் தெரியாதவை, அதனால் தலைக்கு 24 அல்லது 25 இறங்கும். நான்குக்கும் சேர்த்து கிட்டத்தட்ட 98 டேமேஜ், எந்தப் பட்டியலிலும் முதலிடம் வாங்கும் எண். ஆனால் மேசையில் என்ன நடந்தது? நான்கு ஓகர்களும் இன்னும் நிற்கின்றன, நான்கு தடிகளும் முழு பலத்தோடு வருகின்றன. அடுத்த ரவுண்டில் இன்னொரு ஃபயர்பால் போட்டாலும் ஒவ்வொன்றிடமும் 10 ஹிட் பாயின்ட் மிஞ்சும். 10 மிஞ்சிய ஓகரும் 59 உள்ள ஓகரும் ஒரே மாதிரிதான் அடிக்கும்.

அதே ஸ்லாட்டில் (மந்திரம் போட இருக்கும் அளவான வாய்ப்புகளில் ஒன்று) ஹிப்னாட்டிக் பேட்டர்ன் என்ற மயக்கும் மந்திரம் போட்டால் டேமேஜ் பூஜ்யம். ஆனால் விஸ்டம் சேவில் (மந்திரத்திலிருந்து தப்பிக்க உருட்டும் பகடை) ஓகர்கள் படுமோசம். விசார்டின் டிசி (சேவில் எட்ட வேண்டிய எண்) 15-ஐ எட்ட 20 பக்கப் பகடையில் 17 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். ஐந்தில் நான்கு முறை தவறும். அதனால் பொதுவாக மூன்று ஓகர்கள் வாய் பிளந்து ஒளியைப் பார்த்தபடி நின்றுவிடும், ஒன்று மட்டும் விழித்திருக்கும். அந்த இடத்தில் டிஎம்மாக என் நிலைமையைப் பாருங்கள். விழித்திருக்கும் ஓகர் தன் ஆக்‌ஷனைச் செலவழித்துப் பக்கத்தில் நிற்பதை உலுக்கி எழுப்பலாம், அப்படியானால் அது யாரையும் அடிக்கவில்லை. அல்லது விசார்டை அடித்து கான்சன்ட்ரேஷனை (மந்திரத்தை நீடிக்க வைக்கும் கவனம்) உடைக்கப் பார்க்கலாம், அப்படியானால் ஃபைட்டரைத் தாண்டிப் போக வேண்டும். எதைச் செய்தாலும் எனக்கு நஷ்டம். இதற்குள் ஃபைட்டர் ஆக்‌ஷன் சர்ஜ் (அதே டர்னில் இன்னொரு ஆக்‌ஷன்) எடுத்து நான்கு அடி அடித்தால் சராசரி 39, ரோக் ஒரு 17. விழித்திருந்த அந்த ஒன்று அநேகமாக முதல் ரவுண்டிலேயே விழும் நிலைக்கு வந்துவிடும். மற்ற மூன்றையும் பிறகு ஒவ்வொன்றாக எழுப்பித் தீர்க்கலாம். அடி பட்டாலோ யாராவது உலுக்கினாலோதான் மயக்கம் கலையும். மந்திரமோ ஒரு நிமிடம், அதாவது 10 ரவுண்ட், நீடிக்கும். நடுவில் யாரும் ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் தொடும்படி ஏதாவது வீசிவிடாமல் இருந்தால் போதும்.

அதற்காக ஃபயர்பால் மோசம் என்று சொல்லவில்லை. ஓகர்களுக்குப் பதில் 12 கோப்ளின்கள் கூட்டமாக வந்தால், தலைக்கு 7 ஹிட் பாயின்ட்தான். சேவில் ஜெயித்தாலும் பாதி டேமேஜிலேயே கிட்டத்தட்ட எல்லாம் சாம்பல். அங்கே டர்னைப் பறிக்கச் சிறந்த வழி கொல்வதுதான்.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் பட்டியலில் கீழே கிடக்கும் சிலர் மேலே வருவார்கள். 2014 மங்க்கின் டேமேஜ் சுமார்தான், ஆனால் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் பலித்தால் எதிரியின் அடுத்த டர்ன் காலி. கிளெரிக் போடும் ஹீலிங் வேர்ட் ஐந்தாறு ஹிட் பாயின்ட்தான் தரும், ஆனால் கீழே கிடந்தவர் எழுந்து தன் டர்னை முழுசாக ஆடுவார். அதுவும் கிளெரிக்கின் முக்கிய ஆக்‌ஷனைச் செலவழிக்காமல், போனஸ் ஆக்‌ஷனில். ரேஜில் (கோபாவேச நிலை) இருக்கும் பார்பேரியன் ஓகரின் தடியிலிருந்து பாதி டேமேஜ்தான் வாங்குவார்.

அப்புறம், பலரும் கேட்கவே கேட்காத விஷயம்: ஒரு நாளைக்கு எத்தனை சண்டை? 2014 டிஎம் வழிகாட்டி ஒரு லாங் ரெஸ்டுக்கும் (முழு ஓய்வு) அடுத்ததற்கும் இடையில் ஆறு முதல் எட்டு மோதல்கள், நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் (குறுகிய ஓய்வு) என்று எண்ணித்தான் கணக்கை அமைத்திருக்கிறது. அப்படி ஆடினால் 5ஆம் லெவல் விசார்டிடம் மூன்றாம் நிலை ஸ்லாட் இரண்டு, ஆர்க்கேன் ரிகவரி என்ற திறனால் இன்னொன்று, மொத்தம் மூன்றே மூன்று. வார்லாக்குக்கு ஒவ்வொரு ஷார்ட் ரெஸ்டிலும் இரண்டும் திரும்ப வரும், ஆக ஆறு. ஃபைட்டருக்கோ ஆக்‌ஷன் சர்ஜ் மூன்று முறை, வாள் அடிக்கு எல்லையே இல்லை. ஆனால் பெரும்பாலான மேசைகளில் நாளுக்கு ஒரு சண்டை, மிஞ்சினால் இரண்டு. கதைக்கும் நேரம் வேண்டும் அல்லவா. அப்படிப்பட்ட மேசையில் விசார்ட் ஒவ்வொரு ரவுண்டிலும் பெரிய ஸ்லாட்டை எடுத்து வீசலாம், ஃபைட்டர் பாவம் பக்கத்தில் நின்று பார்ப்பார். விசார்ட் ஓவர் பவர் என்ற புகாரில் பாதி அந்த அட்டவணையின் விளைவுதான்.

மீதிப் பாதி உண்மை, அதையும் சொல்லிவிட வேண்டும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்த விளையாட்டை வெளியிட்டபோது இருந்தவை மூன்றே கிளாஸ்: சண்டைக்காரன், மந்திரவாதி, கிளெரிக். மந்திரவாதி தொடக்கத்தில் நோஞ்சான், லெவல் ஏற ஏற அசுர பலம் என்ற அமைப்பு அப்போதே வந்துவிட்டது. 2008இல் வந்த 4ஆம் பதிப்பு எல்லா கிளாஸுக்கும் ஒரே மாதிரி பவர் அமைப்பைக் கொடுத்து இதைச் சமன் செய்யப் பார்த்தது, பலருக்குப் பிடிக்கவில்லை. 5ஆம் பதிப்பு பழைய வடிவத்துக்குத் திரும்பியது. 9ஆம் லெவலில் விசார்டுக்கு வால் ஆஃப் ஃபோர்ஸ் கிடைக்கிறது. சேவ் கிடையாது, எதிரிப் படையைப் பாதியாக வெட்டிச் சுவருக்கு அந்தப்பக்கம் நிறுத்திவிடலாம். ஃபைட்டர் 11ஆம் லெவலுக்கு வரும்போது கிடைப்பது மூன்றாவது அடி. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆனால் எதிரே ஒற்றை டிராகன் வந்தால் நிலைமை மாறும். அடல்ட் ரெட் டிராகனுக்கு 256 ஹிட் பாயின்ட். தோற்ற சேவை ஜெயித்ததாக மாற்றிக்கொள்ளும் உரிமை நாளுக்கு மூன்று முறை. அதன் டர்னைச் சுலபமாகப் பறிக்க முடியாது, அடித்துத்தான் சாய்க்க வேண்டும். வாளுக்கு சேவ் கிடையாது என்பதால் அங்கே ஃபைட்டரும் பாலடினும்தான் (தெய்வீக சக்தியோடு போரிடும் வீரர்) முதுகெலும்பு. பாலடினுக்கு இன்னொரு சிறப்பு: 6ஆம் லெவலில் வரும் ஆரா. 10 அடிக்குள் நிற்கும் நம் ஆட்கள் எல்லாருடைய சேவிலும் அவருடைய கரிஸ்மா போனஸ் சேரும். டிராகனின் பயமுறுத்தலில் நம் ஆட்கள் உறைந்துபோகாமல் காப்பது அதுதான். ஒரே ஒரு கிளாஸைச் சொல் என்று வற்புறுத்தினால் 2014 விதிகளில் நான் பாலடின் என்பேன். 2024 விதிகளில் ஸ்மைட் (பாலடினின் அடியோடு சேரும் தெய்வீக டேமேஜ்) போனஸ் ஆக்‌ஷன் மந்திரமாகி, டர்னுக்கு ஒன்று என்று சுருங்கிவிட்டது, ஆராவைத் தொடவில்லை.

நீங்கள் முடிவெடுக்கும் முன் டிஎம்மிடம் ஒரு நாளில் எத்தனை சண்டை வரும் என்றும், மற்றவர்களிடம் என்ன எடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். நாளுக்கு ஒரு சண்டை, குழுவில் எதிரியைக் கட்டிப்போட ஆள் இல்லை என்றால் விசார்ட் எடுங்கள். ஏற்கெனவே இரண்டு மந்திரக்காரர்கள் இருந்தால் பாலடினோ ஃபைட்டரோ எடுத்து அவர்கள் முன்னால் நில்லுங்கள். விசார்ட் எடுத்தால் கான்ஸ்டிட்யூஷனை (உடல் உறுதி) 14க்குக் கீழே விடாதீர்கள், 4ஆம் லெவலில் இன்டெலிஜென்ஸை ஏற்றுவதா, கான்சன்ட்ரேஷனைக் காக்க உதவும் வார் காஸ்டர் ஃபீட்டா என்ற குழப்பம் வரும். ஓகர் அடிக்கும் தூரத்தில் நிற்க நேரும் என்று தோன்றினால் வார் காஸ்டரை எடுங்கள்.