உச்சிப்புளியில் ஸ்மார்ட் மீட்டர் தயாரிக்க ஐ.எஸ்.ஐ. உரிமம்: எங்கே தொடங்குவது?

கேள்வி: கீழக்கரையைச் சேர்ந்தவன். பல ஆண்டுகள் வளைகுடாவில் மின் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். உச்சிப்புளி அருகே ஒரு கொட்டகை பிடித்து, வெளிநாட்டிலிருந்து சர்க்யூட் போர்டுகளை வரவழைத்து, ஒருமுனை ஸ்மார்ட் மீட்டர்களைப் பூட்டி விற்க எண்ணுகிறேன். இராமேசுவரம் விடுதிகளும் மண்டபம் ஐஸ் கம்பெனிகளும் உள்மீட்டராக வாங்கிக்கொள்வதாகச் சொல்கின்றன. போர்டு தரும் நிறுவனத்திடம் அவர்கள் நாட்டுச் சான்றிதழ் இருக்கிறது. அது போதுமா?

பதில்: போதாது. கொட்டகைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டீர்களே, அதுவே பெரிய நிம்மதி.

ஸ்மார்ட் மீட்டருக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2023 ஜூலையில் வெளியிட்டது. சிறு, குறு நிறுவனங்களுக்குக் கூடுதல் அவகாசம் தந்திருந்தார்கள், அதுவும் முடிந்துவிட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) உரிமமும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லாமல் ஒரு மீட்டரைத் தயாரிக்கவோ விற்கவோ இருப்பில் வைக்கவோ கூடாது. மீறினால் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம். மின்வாரியத்துக்கு விற்கவில்லை, விடுதிக்குள் மாட்டும் உள்மீட்டர்தானே என்ற சமாதானம் இங்கே எடுபடாது. சாதாரண மின்னணு மீட்டருக்கும் ஐ.எஸ்.ஐ. கட்டாயம் என்பதால், ‘ஸ்மார்ட்’ என்ற சொல்லைப் பெட்டியிலிருந்து அழித்துவிட்டாலும் தப்ப முடியாது.

நேரடி இணைப்பு ஸ்மார்ட் மீட்டருக்குரிய தரநிலை ஐ.எஸ். 16444, முதல் பகுதி. இதன்படி மீட்டருக்குள்ளேயே மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் சுவிட்ச் இருக்க வேண்டும்; இருவழித் தகவல் தொடர்பும் வேண்டும். அந்தத் தகவல் எந்த மொழியில் பேச வேண்டும் என்பதை ஐ.எஸ். 15959 சொல்கிறது. கைப்பேசிச் செயலியில் யூனிட் காட்டும் வைஃபை மீட்டர்கள் பலவும் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகின்றன. உங்கள் போர்டு இந்தத் தரநிலைக்கே வடிவமைக்கப்பட்டதா என்பதைப் பணம் அனுப்புவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள்.

இனி முக்கியமான விஷயம். உரிமம் ஒரு குறிப்பிட்ட முகவரியில் இயங்கும் தொழிற்கூடத்துக்குத்தான் தரப்படுகிறது. வெளிநாட்டு நிறுவனம் முழு மீட்டராக அனுப்பினால், வெளிநாட்டு உற்பத்தியாளர் திட்டத்தின் கீழ் அவர்களே உரிமம் எடுக்க வேண்டும். நீங்கள் உச்சிப்புளியில் பூட்டினால் உரிமம் உங்களுடையது. ஆய்வு அதிகாரி வந்து நிற்கப்போவதும் உங்கள் கொட்டகையில்தான். நாளை தேவிபட்டினத்துக்கு இடம் மாறினால் பழைய உரிமத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது.

அந்த அதிகாரி முதலில் தேடுவது சோதனைக் கூடத்தை. நல்ல மாதிரி ஒன்றைச் செய்துவிட்டால் சான்றிதழ் வந்துவிடும் என்று நம்பி, இருந்த பணத்தையெல்லாம் போர்டிலும் மீட்டர் பெட்டி வார்க்கும் அச்சிலும் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. வெளியேறும் ஒவ்வொரு மீட்டரையும் உயர் மின்னழுத்தம், காப்பு எதிர்ப்பு, பிழை வரம்பு, தொடக்க ஓட்டம் (மிகக் குறைந்த மின்னோட்டத்திலும் ஓடத் தொடங்குகிறதா), சுமையில்லா ஓட்டம் (சுமை இல்லாதபோது ஓடாமல் நிற்கிறதா) ஆகியவற்றுக்குச் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதற்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று அளவுத்திருத்தச் சான்று பெற்ற மேற்கோள் மீட்டருடன் ஒரு டெஸ்ட் பெஞ்ச் தேவை. கொட்டகை வாடகையைவிட இதுதான் உங்கள் பெரிய செலவு. கணக்கை இதிலிருந்து போடுங்கள்.

என்னென்ன கருவிகள், எந்த இடைவெளியில் எந்தச் சோதனை, எந்த ரகத்தைச் சோதித்தால் எந்த ரகமெல்லாம் உரிமத்தில் அடங்கும் என்பதெல்லாம் அமைவனத்தின் தயாரிப்புக் கையேட்டில் இருக்கிறது. அமைவனத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். விண்ணப்பம் ‘மானக் ஆன்லைன்’ தளத்தில். முழு வகைச் சோதனையை (மாதிரி மீட்டர் தரநிலையின் எல்லா விதிகளுக்கும் தேறுகிறதா என்று பார்ப்பதை) அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்தான் செய்யும். பெங்களூருவில் மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனமும் வதோதராவில் எர்டா என்ற மின் ஆய்வு நிறுவனமும் மீட்டர் சோதனையில் பழுத்தவை. முன்கூட்டியே ஆய்வகத் தேதி கேட்டு வையுங்கள். மீட்டரில் கம்பியில்லாமல் தகவல் அனுப்பும் ரேடியோ தொகுதி இருந்தால் தொலைத்தொடர்புத் துறையின் ஒப்புதல் தனி. ஐ.எஸ்.ஐ. அதை ஈடுசெய்யாது.

உரிமம் வந்த பிறகு முத்திரைக்கு மேலே தரநிலை எண்ணும் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உங்கள் உரிம எண்ணும் இருக்க வேண்டும். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கும்படி உங்கள் வாடிக்கையாளர்களிடம் நீங்களே சொல்லுங்கள். இன்னொன்று: மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலேயையோ அளவிடும் சிப்பையோ மலிவாகக் கிடைக்கிறதென்று அமைவனத்துக்குச் சொல்லாமல் மாற்றிவிடாதீர்கள். சோதனையில் தேறியது அந்த மீட்டர் அல்ல என்றாகிவிடும்.

கையேட்டில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியின் மீட்டர் பெட்டியை ஒருமுறை திறந்தேன். மூடியின் உட்புறத்தில் விரல் வைத்தால் பிசுபிசுத்தது. டெர்மினலின் பித்தளைத் திருகுகளில் பச்சைக் களிம்பு திட்டுத்திட்டாகப் பூத்திருந்தது. ஒரு திருகை அரைச் சுற்றுத் திருப்பியதும் தலை முறிந்து கையோடு வந்தது. அதன் கீழிருந்த கம்பி கறுத்து, பிளாஸ்டிக் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. மீட்டர் மட்டும் சரியான யூனிட்டைக் காட்டிக்கொண்டிருந்தது! பிடிப்புத் தளர்ந்த இடத்தில் சூடு ஏறிக்கொண்டே போகும். பெட்டி எரியும் வரை எண்ணைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வெப்பம், குளிர், ஈரவெப்பம், தூசு, நீர் எனத் தரநிலை சோதனைகளை வைத்திருக்கிறது. ஆனால் பாம்பனின் உப்புக் காற்றில் ஆண்டுக்கணக்கில் தொங்கப்போகும் மீட்டருக்கு அது குறைந்தபட்ச எல்லைதான். போர்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு, தரமான முலாம் பூசிய டெர்மினல், இறுக்கமான ரப்பர் வளையம் ஆகிய மூன்றையும் வகைச் சோதனைக்கு அனுப்பும் மாதிரியிலேயே சேர்த்துவிடுங்கள்; பிறகு சேர்த்தால் மீண்டும் சோதனை, மீண்டும் செலவு.

மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்புமுன் ஐந்தாறு மீட்டர்களைக் கடலோரச் சுவர் ஒன்றில் சுமையோடு மாட்டி, ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக் காற்றில் விட்டுப் பாருங்கள். விற்பனைக்கு அல்ல, உங்கள் சோதனைக்கு. மாதம் ஒருமுறை பெஞ்சில் ஏற்றிப் பிழையை எழுதுங்கள். டெர்மினலின் சூட்டை அளந்து அதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.