எஸ்.எஸ்.டி. மாற்றப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் லேப்டாப்பில் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருக்கிறது. இடம் போதவில்லை. சென்னை ரிச்சி தெருக் கடைகளில் 1 டி.பி. கேட்டால், "சாட்டாவா, என்.வி.எம்.இ.யா? எந்த ஜென்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். எதை வாங்குவது?
– கல்லூரி மாணவி, வேளச்சேரி

பதில்: சாட்டா, என்.வி.எம்.இ. என்பவை எஸ்.எஸ்.டி. (சிப்பில் தகவல் சேமிக்கும் டிரைவ்) கணினியோடு பேசும் இரண்டு முறைகள்; என்.வி.எம்.இ. வேகமானது. உங்களுடையது எது என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் 'இன்டர்ஃபேஸ்' என்ற வரி இருக்கும். அதில் 'என்.வி.எம். எக்ஸ்பிரஸ்' என்று இருந்தால் என்.வி.எம்.இ., 'சீரியல் ஏ.டி.ஏ.' என்று இருந்தால் சாட்டா. இரண்டும் ஒரே எம்.2 என்ற மெல்லிய கார்டு வடிவத்தில் வருவதால்தான் இத்தனை குழப்பம். சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்.வி.எம்.இ. கார்டைச் செருகினால் அது கெட்டுப்போகாது; ஆனால் பயாஸில் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அமைப்பு மென்பொருள்) தெரியவே தெரியாது. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, ஸ்லாட் எதையெல்லாம் ஏற்கும் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்து நீளம். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். சில மெல்லிய லேப்டாப்களில் 2242 அல்லது 2230தான் நுழையும். இரண்டு பக்கமும் சிப் உள்ள கார்டு மெல்லிய லேப்டாப்பில் அடியில் இடிக்கும். ஒரு பக்கம் மட்டும் சிப் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

ஜென் 3, ஜென் 4 என்ற தலைமுறை எண் பற்றிக் கவலை வேண்டாம். ஜென் 4 கார்டு ஜென் 3 ஸ்லாட்டிலும் ஓடும். வேகம் மட்டும் நொடிக்கு 3,500 எம்.பி. அளவில் நின்றுவிடும். அந்தக் காசை வேகத்துக்குக் கொடுப்பதைவிட ஒரு செல்லில் மூன்று பிட் சேமிக்கும் டி.எல்.சி. ஃப்ளாஷுக்குக் கொடுங்கள். நான்கு பிட் சேமிக்கும் கியூ.எல்.சி. ஃப்ளாஷ் உள்ள மலிவான டிரைவில் முதலில் எல்லாம் பறக்கும், 100 ஜி.பி. வீடியோவைத் தொடர்ச்சியாக ஏற்றும்போது கேஷ் (வேகமான தற்காலிகப் பகுதி) நிரம்பி, ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாகப் போவதுகூட உண்டு. பெட்டியில் டி.பி.டபிள்யூ. என்ற எண்ணையும் பாருங்கள். டிரைவின் ஆயுளில் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற உத்தரவாத அளவு அது. 1 டி.பி. டி.எல்.சி. டிரைவுக்கு 600 என்று இருந்தால் நல்லது.

சீரியல் எண் குறிக்கப்பட்ட ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாரன்டி கேட்டுப் போகும்போது அதுதான் பேசும்.

பொருத்தும்போது: முதலில் ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பின் மூடியைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இருக்காது. எடுத்த இடத்தின் வரிசையிலேயே ஒரு தாளில் ஒட்டி வையுங்கள். பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தினால் மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். கார்டை ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் உள்ளே தள்ளுங்கள். கையை எடுத்தால் அது தானாக மேலே தூக்கி நிற்க வேண்டும். தங்க நிறக் கோடுகள் வெளியே பட்டையாகத் தெரிந்தால் இன்னும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். பிறகு கீழே அழுத்தி, பி.எச்.0 அளவு பிளஸ் ஸ்க்ரூ டிரைவரால் நிற்கும் வரை மட்டும் முறுக்குங்கள். பெரிய டிரைவரைப் போட்டால் அந்தச் சின்னத் தலை மழுங்கிவிடும். அப்புறம் கழற்றுவது பெரும் பாடு. சென்னை ஈரக்காற்றில் நிலை மின்சாரத் தொல்லை குறைவுதான். ஆனால் ஏ.சி. அறையில் காற்று உலர்ந்திருக்கும், அங்கே வேலை செய்தால் முதலில் ஏதாவது ஒரு எர்த் ஆன உலோகத்தைத் தொட்டுவிடுங்கள்.

கேள்வி: 512 ஜி.பி. வாங்கினேன், விண்டோஸ் 476 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– பெரம்பூர் வாசகர்

பதில்: இல்லை. நிறுவனங்கள் ஒரு ஜி.பி.யை 100 கோடி பைட் என்று கணக்கிடுகின்றன. விண்டோஸ் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சத்தால் வகுக்கிறது. 1 டி.பி. போட்டாலும் 931தான் வரும். போலி என்று சந்தேகம் இருந்தால், டிரைவ் காலியாக இருக்கும்போதே எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் முழுவதும் எழுதி, திரும்பப் படித்துப் பாருங்கள். புதிது என்று விற்றதில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடியதாகக் காட்டினால் அன்றைக்கே கடைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள்.

கேள்வி: அலுவலக லேப்டாப்பில் டாலி, நான்கு வருடக் கணக்கு, பிரின்டர் செட்டிங் எல்லாம் இருக்கிறது. விண்டோஸைப் புதிதாகப் போடாமல், அப்படியே புது எஸ்.எஸ்.டி.க்கு மாற்ற முடியுமா? ஒரே ஒரு எம்.2 ஸ்லாட்தான் உள்ளது.
– கணக்காளர், அம்பத்தூர்

பதில்: முடியும். குளோனிங் என்பது அதுதான். ஆனால் ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, பெரும்பாலான விபத்துகள் அங்கேதான் நடக்கின்றன: விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர்.

இப்போது வரும் பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்படுகிறது. உரிமையாளருக்கே தெரியாது. புது டிஸ்க்கோடு இயக்கினால் 48 இலக்க ரிக்கவரி கீ கேட்டு நீலத்திரை நிற்கும். அந்த கீ யாரோ எப்போதோ தொடங்கிய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இல்லாவிட்டால் தரவு போனது போனதுதான். அதனால் செட்டிங்ஸில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' அல்லது பிட்லாக்கரைத் திறந்து, முதலில் கீயைத் தாளில் எழுதுங்கள், பிறகு அதை முழுவதுமாக அணைத்து, பூட்டு நீங்கும் வரை காத்திருங்கள். வேலை முடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

கூடவே டாலி பேக்கப்பை எடுத்து வேறொரு டிஸ்க்கில் வையுங்கள். லைசென்ஸைச் சரண்டர் செய்துவிட்டு, புது டிஸ்க்கில் மறுபடி ஆக்டிவேட் செய்வது பாதுகாப்பான வழி.

உங்களிடம் ஒரே ஸ்லாட் என்பதால் யு.எஸ்.பி. என்க்ளோஷர் (டிரைவை வெளியிலிருந்து இணைக்கும் பெட்டி) ஒன்று வேண்டும். சாட்டா மட்டும் ஏற்கும் மலிவான என்க்ளோஷரில் என்.வி.எம்.இ. கார்டு வேலை செய்யாது. ஆர்.டி.எல்.9210பி சிப் உள்ளது இரண்டையும் ஏற்கும். புது டிரைவை அதில் போட்டு இணைத்து, குளோன் மென்பொருளைத் திறந்தால் பழைய டிஸ்க்கில் நான்கு பகுதிகளாவது தெரியும்: பூட் ஆக உதவும் சின்ன இ.எஃப்.ஐ., 16 எம்.பி. ரிசர்வ்டு, சி, கடைசியில் ரிக்கவரி. நான்கையும் தேர்ந்தெடுங்கள். "சி மட்டும் போதும்" என்று நினைத்து இ.எஃப்.ஐ.யை விட்டவர்களுக்குத்தான் 'பூட் டிவைஸ் இல்லை' என்று வரும்.

மூலம் எது, இலக்கு எது என்பதை அளவை வைத்து இரண்டு முறை சரிபாருங்கள். திசை மாறினால் காலி டிஸ்க் பழையதன் மேல் எழுதப்படும். சார்ஜர் இணைந்தே இருக்கட்டும், ஸ்லீப் போகாதபடி வையுங்கள். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யு.பி.எஸ். இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

முடிந்ததும் என்க்ளோஷரில் வைத்தே பூட் செய்து பார்க்காதீர்கள். ஷட் டவுன் செய்து, பழையதை எடுத்து, புதியதை உள்ளே பொருத்தி இயக்குங்கள். சி இன்னும் பழைய அளவிலேயே இருந்து, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாக இருந்தால், காலியிடத்துக்கும் சி-க்கும் நடுவே ரிக்கவரி பகுதி உட்கார்ந்திருக்கிறது. பார்ட்டிஷன் மென்பொருளால் அதைக் கடைசிக்கு நகர்த்தினால் விரிக்கலாம். பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது அழிக்காதீர்கள். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

கேள்வி: புது என்.வி.எம்.இ. டிரைவ் பயாஸில் தெரிகிறது. விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கிறது. டிரைவ் பழுதா?
– பல்லாவரம் வாசகர்

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதும் என்றால், பயாஸில் டிரைவ்களை நிர்வகிக்கும் வி.எம்.டி. என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். அதற்கான டிரைவர் விண்டோஸ் பென் டிரைவில் இல்லாததால்தான் டிஸ்க் கண்ணில் படவில்லை. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்த ஃபோல்டராகப் பென் டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' வழியாகக் காட்டுங்கள். இன்ஸ்டாலர் ஃபைலை அப்படியே போட்டால் ஏற்காது. வி.எம்.டி.யை அணைத்தும் புதிதாக இன்ஸ்டால் செய்யலாம். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் அதைத் தொட்டால் பூட் ஆகாது.

கேள்வி: 2015 மேக்புக் ஏரில் 128 ஜி.பி. இருக்கிறது. சாதாரண எம்.2 போடலாமா? தங்கையின் எம்1 மேக்புக்கிலும் கூட்ட முடியுமா?
– மயிலாப்பூர் வாசகர்

பதில்: எம்1-ல் முடியாது. ஃப்ளாஷ் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, வெளி எஸ்.எஸ்.டி.தான் வழி.

2015 ஏரில் முடியும். ஆப்பிளின் கனெக்டர் வேறு என்பதால் நடுவே ஒரு சிறு அடாப்டர் தேவை. பின் மூடிக்குப் பி5 பென்டலோப், எஸ்.எஸ்.டி. ஸ்க்ரூவுக்கு டி5 டார்க்ஸ் டிரைவர் வாங்குங்கள். வரிசை முக்கியம்: பழைய டிஸ்க் உள்ளே இருக்கும்போதே ஹை சியரா அல்லது அதற்குப் பிந்தைய மேக் ஓ.எஸ்.ஸுக்கு மேம்படுத்திவிட வேண்டும். அப்போதுதான் என்.வி.எம்.இ.யை அடையாளம் காணும் ஃபர்ம்வேர் (போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) உள்ளே ஏறும். டைம் மெஷின் பேக்கப்பும், பூட் ஆகும் பென் டிரைவும் தயாராக வைத்துக்கொண்டு பிறகு கழற்றுங்கள். அடாப்டரைக் கார்டோடு முதலில் சேர்த்து, இரண்டையும் ஒன்றாக ஸ்லாட்டில் தள்ளுங்கள். பாதி நுழைந்த அடாப்டர்தான் 'டிஸ்க் வந்து வந்து போகிறது' என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம்.

கேள்வி: கழற்றிய பழைய எஸ்.எஸ்.டி.யில் குடும்பப் படங்களைப் போட்டு பீரோவில் வைத்துவிடலாமா?
– நங்கநல்லூர் வாசகி

பதில்: அது மட்டும் ஒரே பிரதியாக இருக்கக் கூடாது. ஃப்ளாஷில் தகவல் மின்னேற்றமாக நிற்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடக்கும்போது மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் வேகமாகக் கசியும். எழுதும் வரம்பு (டி.பி.டபிள்யூ.) தீர்ந்த டிரைவ் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதே வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி.க்கான ஜெடெக் (சிப் துறையின் தர நிர்ணய அமைப்பு) அளவுகோல். உங்களுடையது அவ்வளவு தேய்ந்திருக்காது. ஆனாலும் சென்னையில் மே மாதம் மூடிய பீரோவுக்குள் 30 டிகிரியில் நிற்காது. படங்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டு வையுங்கள். எஸ்.எஸ்.டி.யை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணினியில் செருகி, ஃபைல்களைத் திறந்து பார்த்து, சில மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள்.