டிவி விவாதத்தில் இரண்டு தரப்புக்கும் சம நேரம் கொடுப்பதுதானே நடுநிலை? அதில் என்ன தப்பு?

கேள்வியைப் பொறுத்தது. நீட் வேண்டுமா வேண்டாமா என்றால் இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் நீட் வந்தபின் அரசுப் பள்ளியிலிருந்து எத்தனை பேர் மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள், 2020-இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபின் எத்தனை பேர் போனார்கள் என்பதெல்லாம் சேர்க்கைப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல வேண்டியவை. அதற்கு எதற்கு இரண்டு தரப்பு? நம் ஊரில் ஒருவர் எண்ணைச் சொன்னால் அடுத்தவர் "அது உங்க கருத்து" என்பார். நெறியாளரும் "நேயர்களே முடிவு செய்யட்டும்" என்று இடைவேளைக்குப் போய்விடுவார்.

இந்த விஷயத்தில் நன்றாக அடிவாங்கியது பிபிசி. 2014 பிப்ரவரியில் இங்கிலாந்தில் பெருவெள்ளம். அதற்கும் காலநிலை மாற்றத்துக்கும் தொடர்பு உண்டா என்று பேச்சு வந்தது. ரேடியோ 4-இன் 'டுடே' நிகழ்ச்சியில் காலநிலை விஞ்ஞானி பிரையன் ஹாஸ்கின்ஸையும் நைஜல் லாசனையும் சேர்த்துப் பேச வைத்தார்கள். லாசன் பிரிட்டன் பிரதமர் தாட்சர் ஆட்சியில் நிதியமைச்சராக இருந்தவர், காலநிலை மாற்றம் பற்றிய எச்சரிக்கைகளை ஏற்காதவர், விஞ்ஞானி அல்ல. ஆனால் ரேடியோவில் கேட்கிறவருக்கு அவை இரண்டும் சரிசமமான இரண்டு குரல்கள். புகார் போனது, புகாரில் நியாயம் இருக்கிறது என்று பிபிசியின் சொந்தப் புகார்ப் பிரிவே ஒப்புக்கொண்டது.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. 2017 ஆகஸ்டில் அதே நிகழ்ச்சிக்கு அதே லாசன் வந்து, கடந்த பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பநிலை கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார். அதுவரை அளந்ததிலேயே மிகச் சூடான ஆண்டு அதற்கு முந்தைய 2016! பேட்டி எடுத்தவர் மடக்கவில்லை. இது விதிமீறல் என்று 2018 ஏப்ரலில் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் சொன்னது. அந்தச் செப்டம்பரில் செய்திப் பிரிவுத் தலைவர் ஃபிரான் அன்ஸ்வொர்த் ஊழியர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். சமன் செய்வதற்காகக் காலநிலை மாற்றமே இல்லை என்று மறுப்பவரைக் கூப்பிட வேண்டியதில்லை, மான்செஸ்டர் யுனைடெட் 2-0 என்று ஜெயித்ததை மறுக்க யாரையாவது கூப்பிடுவோமா என்பது அதன் சாரம். மாற்றம் எவ்வளவு வேகமாக வரும், அரசு என்ன கொள்கை எடுக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்துக்காரர்களுக்கு இடமுண்டு என்றும் அதில் இருந்தது. இதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

இன்னொரு கோளாறு வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நான் ஒரு தமிழ்ச் செய்தி சேனலில் விருந்தினர்களை ஏற்பாடு செய்யும் வேலையில் இருந்தேன். மதியம் தலைப்பு முடிவாகும், இரவுக்குள் நாலு பேர் வேண்டும். போனில் முதல் கேள்வியே "சார், நீங்க ஆதரவா, எதிர்ப்பா?" என்பதுதான். "பாதி சரிம்மா, பாதி சரியில்ல, விளக்கிச் சொல்றேன்" என்று ஒரு பொருளாதாரப் பேராசிரியர் ஆரம்பித்தால், "அடுத்த தடவை கண்டிப்பா கூப்பிடறோம் சார்" என்று வைத்துவிட வேண்டியதுதான். அவர் எந்தப் பெட்டியிலும் அடங்க மாட்டார். அவர் இடத்துக்குக் குரல் உசந்த ஒருவர் வருவார். கட்சிப் பதவி இல்லாவிட்டால் பெயருக்குக் கீழே 'அரசியல் விமர்சகர்' என்று போட்டுவிடுவோம். இதைத் தினமும் பார்க்கிறவர், தமிழ்நாடே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, நடுவில் ஒருத்தருமே இல்லை என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை. நடுவில் இருந்தவர்களைப் போனிலேயே கழித்துவிட்டோம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"அப்போ எது உண்மை என்று சேனலே முடிவு செய்யட்டுமா?" என்று கேட்பீர்கள். பாதி சேனல்களுக்குக் கட்சிச் சாயம் இருக்கிற ஊரில் இது நியாயமான பயம். அதனால் தீர்ப்பெல்லாம் வேண்டாம். விவாதம் தொடங்குமுன் அரசாணை, பட்டியல், நீதிமன்ற உத்தரவு என்று எது இருக்கிறதோ அதைத் திரையில் காட்டி, யார் எப்போது வெளியிட்டது என்று ஐந்து நிமிடம் வாசித்துவிட்டு, அப்புறம் சண்டையை ஆரம்பிக்கலாம். அந்த ஐந்து நிமிடத்தில் டிஆர்பி விழும் என்பார்கள். விழலாம்தான்.