'இக்ரீஜஸ்' என்று எழுதினால் பாராட்டா, திட்டா?

கேள்வி: என் மாணவர் ஒருவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறேன். பழைய ஆங்கில அகராதியில் 'இக்ரீஜஸ்' என்றால் 'தனிச்சிறப்பு வாய்ந்த' என்று போட்டிருக்கிறது. லத்தீனிலும் அதே பொருள்தானாம். 'இக்ரீஜஸ் ஸ்டூடன்ட்' என்று எழுதலாமா?

பதில்: எழுதிவிடாதீர்கள். அகராதி பொய் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பொருள் வழக்கொழிந்து வெகுகாலம் ஆகிறது. கடிதத்தைப் படிப்பவர் 'படுமோசமான மாணவர்' என்றுதான் எடுத்துக்கொள்வார்.

லத்தீனில் 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. 'எ' என்ற முன்னொட்டுக்கு 'வெளியே' என்று பொருள். இரண்டும் சேர்ந்த 'எக்ரேகியுஸ்', மந்தையிலிருந்து தனித்துத் தெரிகிற ஆட்டைப் போல, கூட்டத்தில் எடுப்பாக நிற்பவரைக் குறித்தது. ரோமானியர்களுக்கு அது முழுப் பாராட்டு. அந்த மந்தை வேறு சொற்களிலும் மேய்கிறது: கூட்டத்தோடு பழக விரும்புபவர் 'கிரிகேரியஸ்', பிரித்து ஒதுக்குவது 'செக்ரிகேட்', வழிபடக் கூடுவோர் 'காங்கிரிகேஷன்'.

16ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் நல்ல பொருளோடுதான் வந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கெட்ட பொருளும் ஒட்டிக்கொண்டது. கிண்டல்தான் காரணமாக இருக்க வேண்டும். சொதப்பியவனைப் பார்த்து 'பெரிய மேதாவி!' என்கிறோமே, அந்த மாதிரி. நமக்கு இது புதிதும் அல்ல. மொட்டுக்குள் அடங்கிய நறுமணத்தையும் பழந்தமிழ் 'நாற்றம்' என்றது. இன்று யாரிடமாவது அப்படிச் சொல்லிப் பாருங்கள்! இத்தாலியர்கள் மட்டும் பழைய மரியாதையை விடவில்லை. முறையான கடிதங்களில் 'எக்ரேஜோ' என்று விளிப்பது அங்கே இன்றும் உண்டு.

இப்போதைய ஆங்கிலத்தில் இச்சொல் தவறு, விதிமீறல், அநீதி போன்றவற்றோடுதான் சேரும். தமிழில் 'அப்பட்டமான' என்று சொன்னால் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். சின்னப் பிழைக்கு இது பொருந்தாது. காற்புள்ளி விட்டுப்போனால் அது வெறும் பிழை. மருத்துவர் வலது காலுக்குப் பதில் இடது காலை அறுத்துவிட்டால் அது 'இக்ரீஜஸ் எரர்'.

உங்கள் கடிதத்துக்கு 'அவுட்ஸ்டாண்டிங்' போதும். கூட்டத்திலிருந்து துருத்தி நிற்கும் அதே படிமம்தான், ஆனால் கெட்டுப்போகாமல் பிழைத்துக்கொண்டது. கட்டாத பாக்கிக்கும் அதே சொல்தான் என்பது வேறு விஷயம்; மாணவர் விஷயத்தில் யாரும் குழம்ப மாட்டார்கள்.

அப்புறம், உச்சரிப்பு: அழுத்தம் 'க்ரீ'யில் விழ வேண்டும், முதல் எழுத்தில் அல்ல.