7 மாதக் குழந்தைக்குப் பல் முளைக்கிறது; ஈறில் தேன், வசம்பு தடவலாமா? (கும்பகோணம்)

தேன் வேண்டவே வேண்டாம். 1 வயது நிரம்பும்வரை துளி கொடுத்தாலும் பொட்டுலிசம் என்ற நச்சுப் பாதிப்பு வரக்கூடும். வசம்பை இழைத்து உள்ளே கொடுப்பதும் வேண்டாம். கையில் கட்டும் வசம்பு வளையமும் வாய்க்குத்தான் போகும். கயிறு அறுந்தால் துண்டு தொண்டையில் சிக்கும்.

பாட்டி வைத்தியத்தில் உருப்படியானது பழைய பருத்தி வேட்டித் துணிதான். கைக்குட்டை அளவு கிழித்து ஓரத்தை மடித்துத் தையுங்கள், இல்லாவிட்டால் நூல் பிரிந்து வாய்க்குள் போகும். கொதித்து ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் அரை மணி நேரம் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் கல்லாகி ஈறைப் புண்ணாக்கிவிடும். குழந்தை அந்த முடிச்சைக் கடிக்கும்போது பக்கத்திலேயே இருங்கள்.

நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவிய விரலால் ஈறை 1, 2 நிமிடம் அழுத்தித் தேய்ப்பதும் நல்லது. பெரும்பாலும் கீழ் முன்பற்கள்தான் முதலில் வரும், அங்கே தேயுங்கள்.

எச்சிலால் தாடை சிவந்தால் ஒற்றித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை அலமாரியிலேயே இருக்கட்டும், சாயம் உரியும்.

100.4 டிகிரி காய்ச்சலையும் பேதியையும் ‘பல்லு மொளைக்குது’ என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.