அமிலம், காரம், பிஎச் மீட்டர்: வாசகர் கேள்வி-பதில்

செய்முறைத் தேர்வு நெருங்குவதால் கடிதங்கள் பெரும்பாலும் தரம்பார்த்தலை, அதாவது செறிவு தெரிந்த ஒரு கரைசலைச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டறிவதை, சுற்றியே வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருமுறை மட்டும் பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: 25 மி.லி. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடை ஒவ்வொரு மி.லி.யாகச் சேர்த்துப் பிஎச் குறித்தோம். வரைபடத்தின் செங்குத்துப் பகுதியில் ஒரு புள்ளிகூட விழவில்லை. மீட்டர் பழுதா?

மீட்டர்மேல் பழி போடாதீர்கள். பிஎச் ஓர் அலகு ஏறினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்தில் ஒரு பங்காகும்; 25 டிகிரியில் 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தொடக்கத்தில் பிஎச் 1. காரம் 20 மி.லி. போன பிறகும் 2-ஐத் தொட்டிருக்காது. 24-இல் 2.7, 26-இல் 11.3. பார்க்க வேண்டியதெல்லாம் அந்த இடைவெளியில் நடந்து முடிந்துவிட்டது. 24.95 மி.லி.யில் பிஎச் 4, 25.05-இல் 10. அதாவது இரண்டு சொட்டுக்குள் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அங்கே ஒரு மி.லி. என்பது மிகப் பெரிய அளவு.

22 வரை இரண்டிரண்டு மி.லி.யாகப் போங்கள். பிறகு அரை மி.லி., 24.5-க்கு மேல் 0.1 மி.லி., கடைசியில் சொட்டுச் சொட்டாக. பியூரெட் முனையில் பாதித் துளி தொங்கினால் குடுவையின் சுவரில் தொட்டெடுத்து, கொஞ்சம் வடிநீரால் உள்ளே கழுவிவிடுங்கள். 26-ஐத் தாண்டியதும் மறுபடி வேகமாகப் போகலாம். முடிவுப்புள்ளி, அதாவது நிறம் மாறும் இடம், எங்கே என்று தெரியாத கரைசலானால், முதலில் பினாப்தலீன் (காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) விட்டு ஒருமுறை தோராயமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை சேர்த்த பின்னும் எண் நிலைபெறும்வரை காத்திருந்து குறியுங்கள்.

கேள்வி: என் கரைசலின் பிஎச் தவறாக வருகிறது. என்ன காரணம்?

என்ன கரைசல், என்ன செறிவு, எந்த வெப்பநிலை, எந்தத் தாங்கலில் (பிஎச் தெரிந்த, எளிதில் மாறாத கரைசல்) அளவுத்திருத்தம் செய்தீர்கள், என்ன எண் வந்தது, என்ன வர வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள்? இவற்றில் ஒன்றையும் எழுதாமல் காரணம் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: வினிகரைத் தரம்பார்க்க மெத்தில் ஆரஞ்சு போதுமா?

போதாது. அசிட்டிக் அமிலம் 0.1 மோலார் என்றால் அமிலமும் காரமும் சரியாக ஈடாகும் சமானப் புள்ளி பிஎச் 8.7 அருகில் வரும். மெத்தில் ஆரஞ்சு 4.4-க்குள்ளேயே நிறம் மாறி முடித்துவிடும். பினாப்தலீன் பயன்படுத்துங்கள்.

கேள்வி: பினாப்தலீனின் இளஞ்சிவப்பு வந்த சிறிது நேரத்தில் மறைந்துவிடுகிறது. இன்னொரு சொட்டு விடலாமா?

அரை நிமிடம் நிலைத்துவிட்டால் அதுதான் முடிவுப்புள்ளி. அதற்குப் பிறகு மறைந்தால் கவலை வேண்டாம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து பிஎச்சைக் கீழே இழுக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலையும் அதே வாயு கெடுக்கும் என்பதால் புட்டியை இறுக மூடி வையுங்கள். போன மாதம் தயாரித்த கரைசலை 0.1 மோலார் என்று நம்பி எடுக்காதீர்கள். ஆக்சாலிக் அமிலத்தோடு தரம்பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எலக்ட்ரோடை எப்போதும் சுத்தமான வாலை வடிநீரில்தான் மூழ்கவைத்திருக்கிறோம். 7 தாங்கலில் வைத்து மீட்டரைச் சரிசெய்கிறோம். 4 தாங்கலில் 4.4 காட்டுகிறது. நிலைபெறவும் இரண்டு நிமிடம் ஆகிறது. புது மீட்டர் வாங்க வேண்டுமா?

எத்தனை முறை எழுதினாலும் இந்த வழக்கம் போகவில்லை. வாலை வடிநீர் எலக்ட்ரோடைக் கழுவுவதற்கு. குடியிருக்க வைப்பதற்கு அல்ல. எலக்ட்ரோடின் நுனியில் பிஎச்சை உணரும் கண்ணாடிக் குமிழுக்குச் சற்று மேலே, பக்கவாட்டில், ஊசிமுனை அளவில் ஒரு வெள்ளைப் பீங்கான் புள்ளி இருக்கும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் குளோரைடு அதன் வழியாகத்தான் வெளிக் கரைசலைத் தொடுகிறது. வடிநீரில் நாள்கணக்கில் வைத்தால் அந்த உப்பு கசிந்து வெளியேறும். குமிழின் மேலுள்ள நீரேறிய படலத்திலிருந்தும் அயனிகள் வெளியேறும். பிறகு எண் மெல்ல நகராமல் என்ன செய்யும்?

உங்கள் எண்ணையே எடுத்துக்கொள்வோம். 25 டிகிரியில் ஓர் அலகுக்கு 59 மில்லிவோல்ட் வர வேண்டும். 7-க்கும் 4-க்கும் இடையே 3 அலகு. உங்கள் எலக்ட்ரோடு 2.6 அலகுக்கான மின்னழுத்தம்தான் தருகிறது. சரிவு, அதாவது வர வேண்டிய மின்னழுத்தத்தில் வருவது, 87 சதவீதம். 95-க்கு மேல் இருந்தால்தான் நல்ல எலக்ட்ரோடு. இதே கணக்கில் உண்மையான பிஎச் 1 உங்கள் மீட்டரில் 1.8 என்று வரும். அப்படியானால் அமிலச் செறிவை ஆறில் ஒரு பங்காகக் குறித்திருக்கிறீர்கள்! 7-இல் மட்டும் சரிபார்த்தால் இது தெரியவே தெரியாது. இரண்டு தாங்கல் கட்டாயம்: அமிலப் பக்கம் அளந்தால் 4-உம் 7-உம், காரப் பக்கம் அளந்தால் 7-உம் 9.2-உம். தரம்பார்த்தலுக்கு மூன்றும்.

ஆயிரக்கணக்கில் செலவழித்து மீட்டர் வாங்கும் கல்விக்கூடங்கள், தாங்கல் மாத்திரை வாங்கக் கணக்குப் பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மாத்திரையை 100 மி.லி. வடிநீரில் கரைத்தால் ஒரு வகுப்பு முழுவதற்கும் போதும். பயன்படுத்திய தாங்கலைப் புட்டிக்குள் திருப்பி ஊற்றுவது அதைவிடக் கொடுமை. அன்றே கொட்டிவிடுங்கள்.

புது மீட்டர் வாங்கும் முன் எலக்ட்ரோடை 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில், அதாவது 100 மி.லி.க்கு ஏறத்தாழ 22 கிராம், இரவு முழுவதும் ஊறவையுங்கள். மறுநாள் இரண்டு தாங்கலிலும் பாருங்கள். சரிவு ஏறாவிட்டால் எலக்ட்ரோடை மட்டும் மாற்றினால் போதும். குமிழைத் துணியால் தேய்க்கவும் வேண்டாம், நிலைமின் ஏறும். மெல்லிய தாளால் ஒற்றி எடுங்கள்.

கேள்வி: 60 டிகிரி சூட்டில் தூய நீரின் பிஎச் 6.5 என்கிறார்கள். அப்படியானால் அது அமிலமா?

இல்லை. அந்தச் சூட்டில் நடுநிலையே 6.5 அருகில்தான். மீட்டரின் வெப்பநிலைத் திருத்தம் எலக்ட்ரோடின் சரிவை மட்டுமே திருத்தும். நீரின் வேதியியலைத் திருத்தாது.

கேள்வி: பத்துக் கோடியில் ஒரு பங்கு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 8 என்று கணக்கு வருகிறதே?

அமிலத்தை நீர்க்கச் செய்தால் காரமாகுமா? நீரின் அயனிகளையும் கூட்டுங்கள், 6.98 வரும்.

கேள்வி: பிஎச் மீட்டரைக் கண்டுபிடித்தவர் யார்?

பிஎச் அளவுகோலை 1909-இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் தந்தார். எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளக்க 1934-இல் கலிபோர்னியாவில் அர்னால்ட் பெக்மன் செய்த கருவியிலிருந்து இன்றைய மீட்டர் வந்தது. கண்ணாடிக் குமிழின் மின்தடை மிக அதிகம் என்பதால் வெற்றிடக் குழாய்ப் பெருக்கியைச் சேர்த்தார்.

கேள்வி: 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் மீட்டர் 14-க்கு வெகு கீழே நிற்கிறது. அளவுத்திருத்தம் சரியாகவே உள்ளது.

நம்புகிறேன். பிஎச் 12-க்கு மேல் சாதாரணக் கண்ணாடிக் குமிழ் சோடியம் அயனியையும் ஹைட்ரஜன் அயனியாக எண்ணிக்கொள்கிறது. அதனால் எண் குறைகிறது. செறிவுள்ள காரம் கண்ணாடியையும் அரிக்கும். எலக்ட்ரோடை உடனே எடுத்துக் கழுவி, பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள். செறிவு தெரிய வேண்டுமானால் நீர்க்கச் செய்து அமிலத்தோடு தரம்பாருங்கள். அந்தக் காரத்தைப் பிப்பெட்டில் எடுக்க ரப்பர் பல்பு பயன்படுத்துங்கள். வாயால் உறிஞ்சவே கூடாது.